பதினோராவது போல்ட்

போல்ட் உடையும்போது பெரிதாகச் சத்தம் எதுவும் வராது. வேண்டிய இறுக்கம் வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்லட்டும் என்று இழுத்துக்கொண்டே இருந்தேன். கிளிக் வரவில்லை. கையில் இருந்த இறுக்கம் சட்டென்று காணாமல் போய், ரெஞ்ச் தொளதொளவென்று சுற்றியது. ரேஸுக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

வண்டி 1965ஆம் வருடத்து மினி கூப்பர் எஸ், 1275 சிசி. பழைய கார்களுக்கான பந்தயங்களில் ஓட்டுவதற்காக வாங்கியது. என்ஜினின் மேல்பகுதியான ஹெட்டுக்குக் கீழே இருக்கும் ஹெட் கேஸ்கெட்டை மாற்றிவிட்டு, கையில் இருந்த மேனுவலின் ஜெராக்ஸைப் பார்த்து, வரிசைப்படி ஒவ்வொரு நட்டாக 40 பவுண்டு-அடிக்கு (முறுக்கும் விசையின் அளவு அது) முறுக்கிக்கொண்டு வந்தேன். கடைசியில் தெர்மோஸ்டாட் பக்கம் ஓரமாக ஒரு போல்ட் மிச்சம் இருந்தது. படத்தில் அது இல்லை. இல்லாவிட்டால் என்ன, இதுவும் ஹெட் போல்ட்தானே என்று அதற்கும் அதே 40.

எனக்கு என்ஜின் வேலை கற்றுக்கொடுத்த அண்ணன் வந்து பார்த்தார். திட்டவில்லை. ஜெராக்ஸை வாங்கிப் புரட்டினார்.

“இந்தப் படத்துல எத்தனை நட்டு போட்டிருக்கு?”

“ஒன்பதுண்ணே.”

“உன் ஹெட்டுல எத்தனை இருக்கு?”

எண்ணினேன். பதினொன்று.

“அப்ப இது உன் வண்டிக்கான புத்தகமே இல்லையேப்பா.”

சாதாரண மினியின் ஹெட்டை ஒன்பது ஸ்டட்கள், அதாவது மேலே நட்டுப் போடும் திருகுக் கம்பிகள், பிடித்திருக்கும். கூப்பர் எஸ்ஸில் பத்து ஸ்டட், கூடவே ஒரு போல்ட். ஸ்டட்கள் 3/8 அங்குலம்; அந்த ஒற்றை போல்ட் மட்டும் 5/16 அங்குலம், கொஞ்சம் ஒல்லி. கம்பெனிக் கணக்குப்படி கூப்பர் எஸ்ஸின் ஸ்டட் நட்டுகளுக்கு 42 பவுண்டு-அடி, இந்தச் சின்ன போல்ட்டுக்கு 25. நான் நட்டுகளைக் குறைவாகவும் போல்ட்டை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகவும் முறுக்கியிருக்கிறேன். ஒரே வேலையில் இரண்டு பக்கமும் தப்பு! ஜெராக்ஸில் இருந்த எண்ணில் பிழை ஏதும் இல்லை. அது வேறொரு மினிக்கான எண், அவ்வளவுதான்.

உள்ளே மாட்டிக்கொண்ட துண்டை நடுவில் துளை போட்டு, எக்ஸ்ட்ராக்டர் விட்டு எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. ரேஸ் போயிற்று. அந்த வாரமே, கம்பெனி தன் மெக்கானிக்குகளுக்காக அச்சடித்த அசல் ஒர்க்‌ஷாப் மேனுவல் ஒன்றைத் தேடிப் பிடித்துவிடுவது என்று கிளம்பினேன். தேடவேண்டியது ஒரு புத்தகம் என்று அப்போது நினைத்திருந்தேன்.

முதலில் இணையத்தில் ‘மினி மேனுவல்’ என்று தேடினேன். வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் இன்றைக்கு ஓடும் புது மினிக்கானவை. மீதியில் பெரும்பகுதி வெளிப் பதிப்பகங்கள் வீட்டில் வேலை செய்பவர்களுக்காகப் போட்டவை. இவை மோசம் என்று சொல்லமாட்டேன். புகைப்படங்கள் இருக்கும், ஸ்பெஷல் டூல் இல்லாமல் எப்படிச் சமாளிப்பது என்று சொல்லித் தரும். ஆனால் ஒரே புத்தகத்தில் எல்லா மாடலையும் அடக்கப் பார்ப்பதால், கூப்பர் எஸ் மாதிரி குறைவாக விற்ற வண்டிக்குக் கடைசியில் நாலு வரி ஒதுக்கியிருப்பார்கள். என்னிடம் இருந்த ஜெராக்ஸில் அந்த நாலு வரி இருந்த பக்கமே இல்லை.

தேடலுக்குத் திறவுகோலாக இருந்தது மினியின் பெயர் வரலாறு. 1959இல் இந்தக் கார் வந்தபோதே அதற்கு இரண்டு பெயர்: ஆஸ்டின் செவன் ஒன்று, மோரிஸ் மினி-மைனர் இன்னொன்று. தயாரித்தது பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன், சுருக்கமாக பி.எம்.சி.; 1952இல் ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்து உருவானது. 1968இல் அது பிரிட்டிஷ் லேலண்ட் ஆனது. ஆக, ஒரே காரின் காகிதங்கள் ஒரு இடத்தில் ஆஸ்டின் என்ற தலைப்பிலும், இன்னொரு இடத்தில் மோரிஸ் என்றும், வேறொரு இடத்தில் லேலண்ட் என்றும் அடுக்கப்பட்டிருக்கின்றன. மினி என்று மட்டும் தேடினால் பாதி கண்ணில் படாது.

பெயர் எத்தனை மாறினாலும் மாறாமல் இருப்பது வெளியீட்டு எண். மினிக்கான கம்பெனி ஒர்க்‌ஷாப் மேனுவலின் எண் ஏ.கே.டி. 4935. இந்த எண் தெரிந்த பிறகு தேடல் வேறு மாதிரி ஆகிவிட்டது. விற்பவர்கள் அட்டைப் படத்தை வைத்து என்னென்னவோ எழுதுவார்கள். எண்ணைக் கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். உங்கள் வண்டி எந்த கம்பெனியாக இருந்தாலும் இப்படி ஒரு எண் பெரும்பாலும் இருக்கும். புத்தகத்தைத் தேடுமுன் அந்த எண்ணைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பழைய உதிரிபாகப் பட்டியல்களின் பின்னட்டையில் இந்த மாதிரி எண்களைப் பார்க்கலாம்.

அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு ஆங்கில எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். எத்தனாவது பதிப்பு என்பதற்கான அடையாளம் அது. நான் அதைக் கண்டுகொள்ளாமல், கிடைத்த முதல் பிரதியை வாங்கிவிட்டேன். நல்ல பிரதிதான். ஆனால் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபோது, படத்தில் இருப்பதும் எதிரில் இருப்பதும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. கேஸ்கெட் வேலையில் நடந்த அதே கதை, இந்தமுறை அசல் புத்தகத்தை வைத்துக்கொண்டே.

சரி, முதலில் காரைப் படிப்போம் என்று திரும்பினேன்.

நம்பர் பிளேட்டையும் ஆர்.சி.யையும் சொல்லவில்லை. என்ஜின் அறையில் இருக்கும் சேஸிஸ் தகட்டில், முதல் தலைமுறையான மார்க் 1 ஆஸ்டின் கூப்பர் எஸ் என்றால் எண் சி-ஏ2எஸ்7 என்று தொடங்கும். மோரிஸ் கூப்பர் எஸ் என்றால் கே-ஏ2எஸ்4. அந்தக் காலத்து 1275 எஸ் என்ஜின் எண் 9எஃப்-எஸ்ஏ-ஒய் என்று ஆரம்பிக்கும். என் வண்டியின் தகடு ஆஸ்டின் என்றது, சரிதான். இங்கிலாந்தில் கேடனில் இருக்கும் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துக்கு எழுதிப் போட்டால், அவர்களிடம் இருக்கும் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து ஹெரிட்டேஜ் சான்றிதழ் ஒன்று கொடுப்பார்கள். வண்டி எந்தத் தேதியில் கட்டப்பட்டது, எந்த என்ஜின் எண்ணோடு வெளியே வந்தது, என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்கினேன். என் காரில் இப்போது இருப்பது அதனோடு பிறந்த என்ஜின் இல்லை என்று தெரிந்தது. எஸ் என்ஜின்தான், ஆனால் வேறொன்று.

அதற்குப் பிறகு கையில் டார்ச்சோடு காருக்குக் கீழே படுத்து ஒவ்வொரு வார்ப்பிலும் இருக்கும் எண்ணை எழுதி எடுத்தேன். கம்பி பிரஷ், பழைய துணி, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு நோட்டு. இது ஒரு சாயங்கால வேலை, எவரும் செய்வதில்லை. எழுதி முடித்துப் பார்த்தால் என் கார் மூன்று காலங்களின் கலவை. உடம்பு 1965. கியர்பாக்ஸ் நாலு கியருக்கும் சிங்க்ரோமெஷ் (கியர் உரசாமல் விழ உதவும் அமைப்பு) உள்ளது, அதாவது 1968க்குப் பிந்தையது. அதற்கு முன் முதல் கியருக்கு சிங்க்ரோ கிடையாது. சஸ்பென்ஷன் இன்னொரு கதை. 1964இலிருந்து மினிகளில் ஹைட்ரோலாஸ்டிக் என்ற திரவ சஸ்பென்ஷன் வந்தது. என் வண்டியை முன்பு வைத்திருந்த யாரோ அதைக் கழற்றிவிட்டு, அதற்கும் முந்தைய ரப்பர் கோன் அமைப்பைப் போட்டிருந்தார். பந்தயக் கார்களில் இது சகஜம்.

எனக்கு வேண்டியது எது என்பது அப்போதுதான் விளங்கியது: என்ஜினுக்கும் பிரேக்குக்கும் கூப்பர் எஸ் பகுதி, கியர்பாக்ஸுக்குப் பிந்தைய பதிப்பு, சஸ்பென்ஷனுக்கு முந்தைய பதிப்பு. வருடத்தை மட்டும் சொல்லி வாங்கியிருந்தால், ஹைட்ரோலாஸ்டிக்குக்கு எப்படி அழுத்தம் ஏற்றுவது என்று பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு இருந்திருப்பேன், என் காரில் இல்லாத ஒன்றுக்கு.

பந்தயத்தில் ஓடிய பழைய கார் எதுவும் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்காது. ஐம்பது அறுபது வருடங்களில் பலர் கை வைத்திருப்பார்கள். ஆகவே வருடத்தையோ மாடலையோ நம்பாதீர்கள். பாகம் பாகமாக எண்ணைப் பார்த்து, அதற்கேற்ற அத்தியாயத்தைத் தேடுங்கள்.

எங்கெங்கே தேடலாம்? மறுபதிப்புகள் முதலில். புரூக்லேண்ட்ஸ் புக்ஸ் மாதிரியான பதிப்பகங்கள் கம்பெனி மேனுவல்களை அப்படியே மறுபடி அச்சடித்து விற்கின்றன, மினியின் ஏ.கே.டி. 4935 அதில் கிடைக்கிறது. தெளிவான அச்சு, பக்கம் விடுபடாது, எண்ணெய்க் கையோடு புரட்டினாலும் மனசு வலிக்காது. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். அசல் பிரதிதான் வேண்டும் என்று அலைவதில் பாதி ஆசை, பாதி கௌரவம். நானும் அலைந்தவன்தான்.

ஆனால் மறுபதிப்பு என்பது ஏதோ ஒரு பதிப்பின் மறுபதிப்பு. என் ரப்பர் கோன் காலத்துக்கு நெருக்கமான பிரதி பழைய புத்தகமாகத்தான் கிடைத்தது. பழையதை வாங்கும்போது நான் பட்டுத் தெரிந்துகொண்டது ஒன்று உண்டு. இந்த மேனுவல்களில் பிரிவுகளுக்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். ஏ என்றால் என்ஜின். பக்க எண் ஒவ்வொரு பிரிவிலும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். அதனால் ஒரு பிரிவின் கடைசியில் நாலு பக்கம் கிழிந்து போயிருந்தாலும் புரட்டிப் பார்த்தால் தெரியாது. விற்பவரிடம் “எத்தனை பக்கம் இருக்கிறது” என்று கேட்பது வீண். ஒவ்வொரு பிரிவின் முதல் பக்கத்தில் இருக்கும் உள்ளடக்கத்தையும் அதே பிரிவின் கடைசிப் பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே ஒயரிங் படத்தையும். அதிகம் பிரித்துப் பார்க்கப்படுவதும் அதுதான், முதலில் காணாமல் போவதும் அதுதான். இதைக் கேட்டவுடன் சிலர் பதில் போடுவதையே நிறுத்திவிடுவார்கள். நல்லதுதான்.

மூடப்பட்ட ஒர்க்‌ஷாப்களிலிருந்து வரும் பிரதிகளுக்குத் தனி மதிப்பு இருக்கிறது. என்னிடம் வந்த ஒன்றில் கட்டைவிரல் ரேகை கிரீஸில் அப்படியே பதிந்திருக்கிறது. கிளட்ச் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் ‘1, 4 மேலே!’ என்கிற பொருளில் இரண்டு எண்ணும் ஒரு அம்புக்குறியும். முதலில் புரியவில்லை. பிறகு அச்சில் இருந்த வரியைப் படித்தேன். மினியில் ஃப்ளைவீலைக் கழற்றும் முன் 1ஆம், 4ஆம் பிஸ்டன்களை உச்சத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரைமரி கியரைப் பிடித்திருக்கும் ‘சி’ வடிவ வாஷர் நழுவி ஃப்ளைவீலுக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். அப்புறம் புல்லரைப் போட்டு இழுக்க இழுக்க எதுவும் அசையாது. அந்த மெக்கானிக் அதை ஒரு முறையாவது அனுபவித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆச்சரியக்குறி போட்டிருக்கமாட்டார்.

ஸ்கேன் செய்த பி.டி.எஃப். இலவசமாகவே நிறைய உலவுகிறது. காப்புரிமை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. நான் சொல்ல வந்தது எண்களைப் பற்றி. ஒரு ஸ்கேனில் டிரான்ஸ்ஃபர் கியர் பகுதியில் ஒரு இடைவெளி அளவு இருந்தது. அங்குலக் கணக்கு. 0.003ஆ 0.008ஆ என்று தெரியவில்லை. மை பரவி, 3இன் வாய் மூடி, பார்த்தால் 8 மாதிரியும் இருக்கிறது, 3 மாதிரியும் இருக்கிறது. பெரிதாக்கினால் கறுப்புக் கட்டங்கள்தான் பெரிதாகின. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த பிறகு பக்கத்தில் இருந்த மில்லிமீட்டர் கணக்கு கண்ணில் பட்டது: 0.08. ஒரு அங்குலம் 25.4 மி.மீ. ஆக, 0.003 அங்குலம் என்றால் 0.076 மி.மீ., முழுமைப்படுத்தினால் 0.08. 0.008 அங்குலம் என்றால் 0.20 வந்திருக்க வேண்டும். எனவே 3.

பழைய பிரிட்டிஷ் மேனுவல்கள் பெரும்பாலும் இரண்டு அளவு முறையிலும் எண்ணைக் கொடுக்கும். அங்குலம், மி.மீ.; பவுண்டு-அடி, கிலோகிராம்-மீட்டர். படிக்க இடைஞ்சல் என்று நினைப்போம். ஆனால் ஒன்று மங்கிப்போனால் இன்னொன்று சாட்சி சொல்லும். இப்போது எந்த முக்கியமான எண்ணையும் இரண்டு முறையிலும் சரிபார்க்காமல் ரெஞ்சைத் தொடுவதில்லை. அச்சுப் பிழைகளும் இதில் மாட்டும்.

டார்க் ரெஞ்ச் நியூட்டன் மீட்டரில் இருந்தால் இன்னொரு மாற்றம் வேண்டியிருக்கும். ஒரு பவுண்டு-அடி 1.356 நியூட்டன் மீட்டர்; ஒரு கிலோகிராம்-மீட்டர் 9.81. ஆக 42 பவுண்டு-அடி 57, 25 பவுண்டு-அடி 34. வேலை நடுவில் மனக்கணக்குப் போடாதீர்கள். முன்கூட்டியே கணக்குப் போட்டு, மேனுவல் பக்கத்தின் பிரிண்டிலேயே பென்சிலால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சம்பந்தமே இல்லை என்று நினைத்த இடத்திலிருந்தும் உதவி வந்தது. இத்தாலியில் இன்னொசென்டி கம்பெனி உரிமம் வாங்கி மினி கூப்பர் தயாரித்தது, ஸ்பெயினில் ஆத்தி. அவர்களுடைய மேனுவலிலும் என் மினியில் இருக்கும் அதே ஏ-சீரிஸ் வகை என்ஜின்தான். எனக்கு இத்தாலி மொழியில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பிரித்துக் காட்டிய படத்துக்கு மொழி எதற்கு? ஆங்கிலப் பிரதியில் கறுத்துப்போயிருந்த ஒரு படம் அதில் பளிச்சென்று இருந்தது. எண்களை மட்டும் அதிலிருந்து எடுக்கவில்லை. வேறு நாட்டுத் தயாரிப்பில் பாகங்கள் மாறியிருக்க வாய்ப்பு உண்டு.

ஒர்க்‌ஷாப் மேனுவலுக்கு அடுத்து, சொல்லப்போனால் சில நாட்களில் அதற்கும் மேலே, நான் மதிப்பது பார்ட்ஸ் லிஸ்ட். மேனுவல் ‘வாஷரைப் பொருத்தவும்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பார்ட்ஸ் லிஸ்ட்தான் அந்த வாஷர் எத்தனை தடிமன்களில் வந்தது, ஒவ்வொன்றுக்கும் என்ன எண், எந்த என்ஜின் எண்ணிலிருந்து மாறியது என்று சொல்லும். ஒரு மாற்றம் எப்போது நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிட நம்பகமான காகிதம் இல்லை. கிடங்கில் தப்பான பாகம் போனால் கம்பெனிக்கே நஷ்டம் என்பதால் இதில் கவனமாக இருந்திருக்கிறார்கள். முன்பு இருந்தவர் எதை எந்தக் காலத்துப் பாகத்தால் மாற்றினார் என்று கண்டுபிடிக்கவும் இதுதான் உதவியது.

மேனுவலில் அடிக்கடி 18ஜி என்று தொடங்கும் எண்கள் வரும். பாகம் என்று நினைத்துக் கடைகளில் கேட்டு அசடு வழிந்திருக்கிறேன். அவை கம்பெனி ஸ்பெஷல் டூல்களின் எண்கள். ஃப்ளைவீல் புல்லர் 18ஜி 304. கிராங்க்கின் டேப்பரில் உட்கார்ந்திருக்கும் ஃப்ளைவீலைச் சுத்தியல் கொண்டு சமாதானப்படுத்தப் பார்க்காதீர்கள், புல்லரை வாங்கிவிடுங்கள்.

இவ்வளவும் சாலையில் ஓடும் காருக்கு. பந்தயம் என்று வந்தால் இன்னொரு அடுக்குக் காகிதம் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஏபிங்டனில் பி.எம்.சி.யின் போட்டிப் பிரிவு இருந்தது. 1964, 1965, 1967 மான்டே கார்லோ ராலிகளை வென்ற மினிகள் அங்கே தயாரானவை. அதோடு இணைந்த ஸ்பெஷல் ட்யூனிங் பிரிவு, தனியாரும் வாங்கிப் பந்தயத்துக்குப் பயன்படுத்தும்படி சின்னச் சின்ன ட்யூனிங் கையேடுகளையும் பாகங்களையும் கொடுத்தது. அந்தப் பாகங்களின் எண்கள் ‘சி-’ என்று தொடங்கும். பார்ட்ஸ் லிஸ்ட்டில் இல்லாத எண் ஒன்று காரில் இருந்து, அதற்கு முன்னால் சி போட்டிருந்தால், யாரோ காசு செலவழித்திருக்கிறார் என்று அர்த்தம், தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

இந்தக் காகிதங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு டேப்பட் க்ளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவில் விடும் இடைவெளி, ஒரு உதாரணம். சாதாரண ஓட்டத்துக்கு என்ஜின் குளிர்ந்த நிலையில் 0.012 அங்குலம், அதாவது 0.30 மி.மீ. போட்டிக்கு 0.015. இரண்டுமே கம்பெனி சொன்ன எண்கள்தான். ஆனால் உள்ளே இருப்பது வேறு ஒருவர் அரைத்துக் கொடுத்த கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) என்றால் இரண்டுமே செல்லாது. கேமோடு வந்த அட்டையில் இருப்பதுதான் கணக்கு. அந்த அட்டை தொலைந்துபோயிருந்தால் கேம் தயாரித்தவரிடம் அரைப்பு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். நான் கேட்டேன், இரண்டே நாளில் பதில் வந்தது. கம்பெனி மேனுவல் என்பது கம்பெனி பாகங்களுக்கு மட்டும் சத்தியம் செய்கிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. முன் வீல் ஹப்பில் டிரைவ் ஷாஃப்ட் நட்டு. டிரம் பிரேக் மினிக்கு 60 பவுண்டு-அடி. டிஸ்க் பிரேக் போட்ட கூப்பர் எஸ்ஸுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். எந்த மினியாக இருந்தாலும் ஒன்றுதானே என்று 60இல் விட்டால், முறுக்கும்போது எதுவும் உடையாது, கேஸ்கெட் வேலையில் போல எச்சரிக்கையும் வராது. வளைவில்தான் தெரியும். ரேஸ் மெக்கானிக்குகளிடம் வாய்மொழியாகச் சுற்றும் எண்களை நான் மதிக்கிறேன். ஆனால் இந்த மாதிரி இடங்களில் அச்சில் பார்க்காமல் முறுக்குவதில்லை.

அப்புறம் ஹோமலொகேஷன் படிவம். ஒரு கார் பந்தயத்துக்கு ஏற்றுக்கொள்ளப்படும்போது கம்பெனி சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ.விடம் கொடுத்த விவரக் குறிப்பு அது. எடை, வீல்பேஸ், கார்புரேட்டர், கியர் விகிதங்கள், வால்வு அளவு, பிரேக், அளவு குறித்த புகைப்படங்கள், பிறகு சேர்க்கப்பட்ட மாற்றங்கள் எல்லாம் அதில் இருக்கும். எப்படிப் பழுது பார்ப்பது என்று அது சொல்லாது. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று சொல்லும். எஃப்.ஐ.ஏ. பழைய படிவங்களை இணையத்தில் போட்டிருக்கிறது. வரலாற்றுக் கார்களுக்கான விதிகள் அபெண்டிக்ஸ் கே என்ற பகுதியில் வரும்; 1962 முதல் 1965 வரையிலான கார்கள் அதில் எஃப் காலகட்டம். என் நாலு சிங்க்ரோ கியர்பாக்ஸ் அந்தக் காலகட்டத்துக்குப் பிந்தையது என்பது இதைப் படிக்கும்போதுதான் உறைத்தது. மேனுவலைப் பார்த்து அழகாகச் சரிசெய்துவிட்ட பாகம், விதிப்படி என் வண்டியில் இருப்பதே கேள்விக்குறி! பழுது பார்க்கும் முன்பே படிவத்தைப் படித்திருந்தால் ஒரு மாத உழைப்பு மிஞ்சியிருக்கும்.

காகித விஷயத்தில் கம்பெனியே சறுக்கியிருக்கிறது என்பது ஒரு ஆறுதல். 1966 மான்டே கார்லோவில் முதல் மூன்று இடங்களையும் பிடித்த மினிகளை, முன்விளக்குகள் விதிப்படி இல்லை என்று சொல்லித் தகுதி நீக்கம் செய்தார்கள். அது நியாயமா என்று இன்றைக்கும் சண்டை போடுபவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது என் ஒர்க்‌ஷாப்பில் இருப்பது ஒரு தடிமனான ரிங் ஃபைல். மேனுவல்கள் அலமாரியில் சுத்தமாக இருக்கின்றன. என் காருக்குப் பொருந்தும் பக்கங்களை மட்டும் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோத்திருக்கிறேன். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தது என்று எழுதியிருக்கிறேன், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் எனக்கே மறந்துவிடும். நான் போட்ட மாற்றங்களைச் சிவப்பு மையில் குறித்து வைக்கிறேன்: தேதி, பாகம், எண், யாரிடம் வாங்கியது. அண்ணன் ஒரு நாள் அதைப் புரட்டிவிட்டு, “அடுத்து வாங்கப்போறவன் உன்னைக் கும்பிடுவான்பா” என்றார். விற்கும் எண்ணம் இல்லை என்றேன். “எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க” என்றார்.

ஃபைலில் இன்னும் காலியாக இருப்பது ஒயரிங் பகுதி. 1965 மினியின் அசல் படம் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காரின் உடம்போடு சேர்ந்திருக்கும்), டைனமோ. என் கார் இப்போது நெகட்டிவ் எர்த், ஆல்டர்னேட்டர். அசல் படத்தை வைத்துக்கொண்டு அப்படியே ஒயர் கொடுத்தால் ஆல்டர்னேட்டர் போய்விடும். அதனால் காரில் உள்ளபடியே புதிதாக ஒரு படம் வரைந்துகொண்டிருக்கிறேன். பிரிட்டிஷ் மின்பாகக் கம்பெனியான லூகாஸின் பழைய ஒயர் நிற முறை உதவியாக இருக்கிறது: பிரவுன் பேட்டரியிலிருந்து நேராக, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பிறகு ஃப்யூஸ் வழியாக, ஊதா எப்போதும் உயிரோடு இருக்கும் ஃப்யூஸ் லைன், கறுப்பு எர்த். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஆனால் முன்பு இருந்தவர்களில் யாரோ ஒருவர் தடித்த சிவப்பு ஒயர் ஒன்றை டாஷ்போர்டுக்குப் பின்னால் கொண்டுபோயிருக்கிறார். அது எந்தப் படத்திலும் இல்லை. எங்கே முடிகிறது என்று இன்னும் தெரியவில்லை, மீட்டர் வைத்துப் பார்த்தால் உயிர் இருக்கிறது. வெட்டிவிடலாமா என்று வாரம் ஒரு முறை கட்டிங் பிளேயரோடு போய் நிற்கிறேன், திரும்பி வந்துவிடுகிறேன்.